கேரி மூரின் ‘ஸ்டில் காட் தி ப்ளூஸ்’ ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கிடார் பழகும் எவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் கேரி மூரின் ‘ஸ்டில் காட் தி ப்ளூஸ்’ பாட்டை வந்தடைகிறார்கள். பெரும்பாலோர் அந்த ஒரு பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் முழுவதையும் கேட்டவர்கள் குறைவு. அந்த ஆல்பம் யாருக்கு நன்றி சொல்வதற்காக உருவானது என்பதை அறிந்தவர்கள் அதிலும் குறைவு. நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்து, என்னால் இயன்ற அளவு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேரி மூர் யார்? இந்த ஆல்பம் வந்தபோது அவர் எந்த நிலையில் இருந்தார்?

கேரி மூர் 1952 ஏப்ரல் 4 அன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்றாலும் கிடாரை வலக்கைக்காரர்களைப் போலவே பிடித்து வாசித்தார். 16 வயதில் டப்ளின் சென்று ஸ்கிட் ரோ என்னும் அயர்லாந்துக் குழுவில் சேர்ந்தார். பின்னர் தின் லிஸி குழுவில் வெவ்வேறு காலங்களில் மூன்று முறை இடம்பெற்றார். இடையே கொலோசியம் 2 என்ற குழுவில் ஜாஸும் ராக்கும் கலந்த, மிகக் கடினமான இசையை வாசித்தார். 1979இல் ‘பாரிசியன் வாக்வேஸ்’ பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடத்தைப் பிடித்தது. எண்பதுகள் முழுவதும் ‘காரிடார்ஸ் ஆஃப் பவர்’, ‘ரன் ஃபார் கவர்’, ‘வைல்ட் ஃபிராண்டியர்’, ‘ஆஃப்டர் தி வார்’ என்று ஹார்ட் ராக் ஆல்பங்களை வெளியிட்டார்.

1990 மார்ச்சில் வர்ஜின் நிறுவனம் ‘ஸ்டில் காட் தி ப்ளூஸ்’ ஆல்பத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 37. வயதைப் பார்த்தால் மூத்த கலைஞர் என்று சொல்லத் தோன்றாது. ஆனால் தொழில்முறை மேடைகளில் அவர் இருபது ஆண்டுகளைக் கடந்திருந்தார் என்பதையும், அதற்குள் நான்கைந்து விதமான இசையில் தேர்ந்திருந்தார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஹார்ட் ராக் வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று ப்ளூஸுக்கு மாறியது ஏன்?

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது திடீர் மாற்றம். சிறுவயதில் பெல்ஃபாஸ்டில் அவர் விழுந்து விழுந்து கேட்டதே ப்ளூஸ்தான். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழு, அதில் வாசித்த எரிக் கிளாப்டன், அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த பீட்டர் கிரீன் ஆகியோரே அவருடைய முதல் ஆசான்கள்.

1989இல் ‘ஆஃப்டர் தி வார்’ ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின்போது, மேடைக்குப் போகும் முன் ஒப்பனை அறையில் அவர் தனக்காக ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருப்பார். அதைக் கேட்ட பேஸ் கிடார் கலைஞர் பாப் டெய்ஸ்லி, இதையே ஓர் ஆல்பமாகச் செய்யலாமே என்று சொன்னதில்தான் இது தொடங்கியது. எண்பதுகளின் பகட்டான ராக் ஒப்பனைகளில் அவருக்குச் சலிப்பு ஏற்பட்டிருந்த வேளையில், நெருங்கிய சகா ஒருவர் காது கொடுத்துக் கேட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ப்ளூஸ் என்பதையும் ப்ளூஸ் ராக் என்பதையும் எப்படி வேறுபடுத்துவது?

அமெரிக்காவின் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் உழைப்புப் பாட்டுகளிலிருந்தும் தேவாலயப் பாட்டுகளிலிருந்தும் பிறந்தது ப்ளூஸ். அதன் மிகப் பரவலான வடிவத்துக்குப் பன்னிரண்டு தாளக்கட்டுகள் உண்டு. முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வது பாட்டின் அமைப்பு. அதற்கு மூன்றே மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், போதும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சிறிது இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பாடகருக்குக் கிடார் பதில் சொல்லும்.

ப்ளூஸ் கிடாரின் அடிப்படை ஸ்வர வரிசை, நம் கர்நாடக இசையில் சுத்த தன்யாசி ராகத்துக்குரிய அதே ஐந்து ஸ்வரங்கள்: ச, க, ம, ப, நி. ஆனால் ப்ளூஸ் கலைஞர் காந்தாரத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்துவதில்லை. கம்பியைச் சிறிது வளைத்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் தவிக்க விடுகிறார். பியானோவில் அந்த ஸ்வரத்துக்குக் கட்டை கிடையாது. ப்ளூஸின் ஏக்கம் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அறுபதுகளில் பிரிட்டிஷ் இளைஞர்கள் இந்த இசையை எடுத்து, பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியை உயர்த்தி, கிடாரின் நாதம் அறுந்துபோகாமல் வயலினைப் போல நீளும்படி வாசித்தார்கள். அதுவே ப்ளூஸ் ராக் ஆனது. கேரி மூர் அந்த மரபில் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவர்.

தலைப்புப் பாடல் உண்மையில் ப்ளூஸ் வடிவத்தில் இருக்கிறதா?

இல்லை. இதைச் சொன்னால் பலரும் வியப்படைகிறார்கள். ‘ஸ்டில் காட் தி ப்ளூஸ்’ பாட்டில் பன்னிரண்டு தாளக்கட்டு அமைப்பு கிடையாது. மூன்று கார்டுகளோடு அது நிற்பதும் இல்லை. ஏ மைனரில் அமைந்த அந்தப் பாட்டின் கார்டுகள் டி மைனரில் தொடங்கி ஜி, சி, எஃப், பி, ஈ என்று ஒவ்வொன்றாக நான்காம் ஸ்வரத்துக்குத் தாவி, கடைசியில் ஏ மைனரில் வந்து இறங்குகின்றன. ஜாஸ் கலைஞர்கள் நன்கறிந்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாட்டின் தொடக்கமும் இதே சக்கரம்தான். மூரின் சொந்தப் பாட்டான ‘பாரிசியன் வாக்வேஸ்’ கூட ஏறத்தாழ இதே பாதையில் போகிறது.

அதாவது, இது ப்ளூஸைப் பற்றிய ஓர் உருக்கமான காதல் பாட்டு. அதன் மீது ப்ளூஸ் கிடார் வாசிக்கப்படுகிறது. இதனால் பாட்டின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் ஆல்பத்தின் அசலான ப்ளூஸைத் தேடுகிறவர்கள் ‘ஆஸ் தி இயர்ஸ் கோ பாசிங் பை’ பாட்டுக்கோ ‘மிட்நைட் ப்ளூஸ்’ பாட்டுக்கோ போக வேண்டும். என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் உச்சம் ‘ஆஸ் தி இயர்ஸ்’ பாட்டே. ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பாட்டில் மூர் எங்குமே அவசரப்படுவதில்லை. வேகமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதை அடக்கி வைத்திருப்பது ஒவ்வொரு இடைவெளியிலும் கேட்கிறது.

தலைப்புப் பாடலின் கிடார் சோலோவில் (கிடார் தனித்து முன்னே வந்து வாசிக்கும் பகுதியில்) அப்படி என்னதான் இருக்கிறது?

நான் கிடார் பழகிய காலத்தில் அந்தப் பாட்டின் தொடக்கத்தை வாசிக்க ஒரு வாரம் முயன்றேன். ஸ்வரங்கள் இரண்டாம் நாளே விரலுக்கு வந்துவிட்டன. ஒலிதான் வரவில்லை. சிக்கல் எங்கே என்று புரிய வெகுநாள் ஆயிற்று: மூர் எந்த ஸ்வரத்தையும் தொட்டுவிட்டு நகர்வதில்லை, அது பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். மூன்றாம் விரலால் கம்பியை மேல்நோக்கித் தள்ளும்போது, அதற்குப் பின்னால் முதலிரண்டு விரல்களும் முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பி உரிய சுருதியை எட்டிய பிறகுதான் அசைவு தொடங்க வேண்டும். அந்த அசைவும் விரலிலிருந்து அல்ல, மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். சுருதியை எட்டும் முன்பே அசைக்கத் தொடங்கினால் அழுகைக்குப் பதிலாக நடுக்கம்தான் கேட்கும்.

இன்னொன்று, அந்த முதல் இசைவரி ஒரு பாடகர் மூச்சு விடுவதைப் போல அமைந்திருக்கிறது. சொல், இடைவெளி, சொல், இடைவெளி. ஒவ்வொரு கார்டு மாறும்போதும் வரி ஒரு படி கீழே இறங்குகிறது. பின்னணியில் நிக்கி ஹாப்கின்ஸின் பியானோவும் தந்திவாத்தியங்களும் அந்த இறக்கத்தை மெல்லத் தாங்கிப் பிடிக்கின்றன. கடைசிப் பகுதியில்தான் மூர் தன் பழைய வேகத்தை அவிழ்த்து விடுகிறார். அதுவரை காத்திருந்ததால் அந்த வேகம் வெறும் வித்தையாகத் தெரிவதில்லை.

இது பீட்டர் கிரீனின் புகழ்பெற்ற கிடாரில் வாசிக்கப்பட்டதா?

தலைப்புப் பாடல் அந்தக் கிடாரில் வாசிக்கப்பட்டது அல்ல. குழப்பம் வரக் காரணம், இரண்டு கிடார்களுமே 1959இல் செய்யப்பட்ட கிப்சன் லெஸ் பால் கிடார்கள் என்பதுதான். தலைப்புப் பாடலில் ஒலிப்பது, மூர் எண்பதுகளின் இறுதியில் வாங்கிய வேறொரு லெஸ் பால். அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்தார்.

பீட்டர் கிரீனின் கிடாருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘கிரீனி’. அதன் வரலாறு இந்த ஆல்பத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள உதவும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்கிட் ரோ குழுவில் இருந்த இளம் மூரின் வாசிப்பைக் கேட்ட பீட்டர் கிரீன், அந்தக் குழுவுக்கு இசைத்தட்டு ஒப்பந்தம் கிடைக்க உதவினார். ஃப்ளீட்வுட் மேக் குழுவை விட்டு 1970இல் விலகிய பின், தன் லெஸ் பால் கிடாரை மூரிடம் முதலில் வாசிக்கக் கொடுத்தார். பிறகு மூரே அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். மூரிடம் இருந்ததோ ஒரு கிப்சன் எஸ்ஜி கிடார். அதை விற்று, வந்த பணத்தைக் கொடுத்தால் போதும் என்றார் கிரீன். தன்னுடைய கிடார் நல்ல கைகளில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது.

அந்தக் கிடாரின் கழுத்துப்பக்கப் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகத்தில்) காந்தம் தலைகீழாக மாறியிருந்தது. அதனால் இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்றின் அலை மற்றொன்றின் அலையை ஓரளவு தின்றுவிடும். அடிநாதம் வற்றி, மூக்கால் பேசுவது போன்ற ஒரு மெல்லிய, குடைந்தெடுத்த ஒலி வரும். மூர் அதை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வைத்திருந்தார். 1995இல் ‘ப்ளூஸ் ஃபார் கிரீனி’ என்ற ஆல்பம் முழுவதையும் பீட்டர் கிரீனின் பாட்டுகளுக்கே அர்ப்பணித்தார். இப்போது அந்தக் கிடார் மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

‘ஓ ப்ரெட்டி வுமன்’ என்பது ராய் ஆர்பிசன் பாடிய பாட்டா?

அல்ல. பெயர் மட்டுமே ஒன்று. ராய் ஆர்பிசனின் பாட்டு 1964இல் வந்த பாப் பாட்டு. இந்த ஆல்பத்தில் இருப்பதை எழுதியவர் மெம்ஃபிஸ் நகர வானொலி அறிவிப்பாளரான ஏ. சி. வில்லியம்ஸ். அதை அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் பாடினார். ஸ்டாக்ஸ் நிறுவனம் 1967இல் வெளியிட்ட அவருடைய ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ இசைத்தட்டில் அது இடம்பெற்றது.

ஆல்பர்ட் கிங், ஆல்பர்ட் காலின்ஸ் இருவரும் எந்தப் பாட்டுகளில் வாசிக்கிறார்கள்?

ஆல்பர்ட் கிங் ‘ஓ ப்ரெட்டி வுமன்’ பாட்டிலும், ஆல்பர்ட் காலின்ஸ் ‘டூ டயர்ட்’ பாட்டிலும் வாசிக்கிறார்கள். இந்த ஆல்பத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான்.

ஆல்பர்ட் கிங் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்காகச் செய்த கிடாரை, கம்பிகளை மாற்றிக் கட்டாமல், அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் மெல்லிய கம்பிகள் மேலே, அவருடைய முகத்தருகே இருக்கும். மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கும் கம்பியை அவர் கீழே இழுத்து வளைத்தார். தள்ளுவதைவிட இழுப்பதில் பலம் அதிகம் என்பதால், ஒரே ஸ்வரத்திலிருந்து அவர் எட்டிய உயரம் மற்றவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. மூரின் சோலோவுக்குப் பிறகு அவருடைய கிடார் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். மூர் பத்து ஸ்வரங்களில் சொன்னதை அவர் மூன்றில் சொல்லி நிறுத்திவிடுகிறார். தன் சொந்த ஆல்பத்தில், தன்னுடைய வேகத்துக்கு அருகிலேயே இப்படி ஒரு பெரியவரின் நிதானத்தை வைப்பதற்கு மூருக்கு மிகுந்த பணிவு இருந்திருக்க வேண்டும். அதே இசைத்தட்டில் உள்ள ‘கிங் ஆஃப் தி ப்ளூஸ்’ என்ற பாட்டும் ஆல்பர்ட் கிங்குக்கு மூர் எழுதிய புகழ்மாலைதான்.

டெக்சஸைச் சேர்ந்த ஆல்பர்ட் காலின்ஸின் வழி முற்றிலும் வேறு. கிடாரை எஃப் மைனர் கார்டுக்குச் சுருதி சேர்த்து, கழுத்தின் நடுப்பகுதியில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, டெலிகாஸ்டர் கிடாரை வெறும் விரல்களால் சுண்டி வாசிப்பார். பனிக்கட்டி உடைவது போன்ற கூரிய ஒலி அது. ஐஸ்மேன் என்று அவரை அழைத்தார்கள். மூரின் லெஸ் பால் உருகி நீளும் ஒலிக்கு நேரெதிரான இந்த ஒலி ‘டூ டயர்ட்’ பாட்டின் துள்ளலுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆல்பர்ட் கிங் 1992 டிசம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் காலின்ஸும் மறைந்தார். மூர் அவர்களை அழைப்பதை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் இந்தப் பதிவுகள் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டா.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் இதில் இருக்கிறாரா?

இருக்கிறார். ‘தட் கைண்ட் ஆஃப் வுமன்’ என்ற பாட்டை எழுதியவரே அவர்தான். ஸ்லைடு கிடாரும் (கம்பிகள் மேல் ஒரு குழாயை வழுக்கி வாசிக்கும் முறை) வாசிக்கிறார், பின்னணியிலும் பாடுகிறார். குறுந்தகட்டுப் பதிப்பில்தான் இந்தப் பாட்டு கிடைக்கும். இனிமையான பாட்டு என்றாலும் ஆல்பத்தின் மையத்திலிருந்து சற்று விலகி நிற்பது.

அட்டைப்படத்தில் உள்ள சிறுவன் யார்?

அந்தச் சிறுவனின் பெயரைவிட, படம் சொல்ல வருவதுதான் முக்கியம். முன்னட்டையில் ஒரு சிறுவன் தன் அறையில் படுக்கையின் மேல் அமர்ந்து கிடார் வாசிக்கிறான். பின்னட்டையில் வளர்ந்துவிட்ட மூர், பயண விடுதி அறை ஒன்றின் படுக்கையில் அதே பாணியில் அமர்ந்து வாசிக்கிறார். இந்த இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ராக் வாழ்க்கை இருக்கிறது. தலைப்பில் உள்ள ‘ஸ்டில்’ என்ற சொல்லை, இன்னமும் என்ற அந்தப் பொருளை, இதைவிடத் தெளிவாக வரைந்து காட்ட முடியாது.

ஜெர்மனியில் நடந்த வழக்கின் விவரம் என்ன?

ஜட்ஸ் கேலரி என்னும் ஜெர்மன் குழு 1974இல் ‘நோர்ட்ராக்’ என்ற பாட்டை வாசித்திருந்தது. தலைப்புப் பாடலின் கிடார் இசைவரி அதிலிருந்து எடுக்கப்பட்டது என்று தொடரப்பட்ட வழக்கில், மியூனிக் நீதிமன்றம் 2008 டிசம்பரில் மூருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ‘நோர்ட்ராக்’ அந்தக் காலத்தில் இசைத்தட்டாக வெளியாகவில்லை. எனினும் மூர் அதை வானொலியிலோ மேடையிலோ கேட்டிருக்க வாய்ப்பு இருந்தது என்று நீதிமன்றம் கருதியது. அந்தப் பாட்டைத் தான் கேட்டதே இல்லை என்பது மூரின் நிலைப்பாடு.

இரண்டையும் கேட்டால் ஒற்றுமை இருப்பது உண்மை. அதை மறுப்பது நேர்மையாகாது. அதே நேரம், முன்பு சொன்ன அந்தக் கார்டு சக்கரத்தின் மேல் படிப்படியாக இறங்கும் ஓர் இசைவரி அமைத்தால், இரு வேறு மனிதர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதும் நடக்கக்கூடியதே. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த இசைவரியை மூர் வாசித்த விதம், அந்தக் கம்பி அசைவும் காத்திருப்பும், வேறு எவரிடமிருந்தும் எடுக்கக்கூடியவை அல்ல என்றே நினைக்கிறேன்.

ஆல்பம் எந்த அளவு வெற்றி பெற்றது?

பிரிட்டனில் 13ஆம் இடம் வரை சென்றது. அமெரிக்காவில் பில்போர்டு 200 பட்டியலில் 83ஆம் இடத்தை எட்டி, 1995இல் தங்கத் தட்டுச் சான்று பெற்றது. அதாவது அங்கு மட்டும் ஐந்து லட்சம் பிரதிகள். தலைப்புப் பாடல் அமெரிக்கத் தனிப்பாட்டுப் பட்டியலில் 97ஆம் இடத்தைத்தான் தொட்டது. சிறிய எண்தான். ஆனால் அதுவரை அமெரிக்கா மூரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சத்தம் அதிகம், ஸ்வரங்கள் அதிகம், ஆகவே இது உண்மையான ப்ளூஸ் அல்ல என்கிறார்களே?

இந்தக் குறையில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ‘மூவிங் ஆன்’, ‘டெக்சஸ் ஸ்ட்ரட்’ போன்ற பாட்டுகளில் ஹார்ட் ராக் காலத்து மூர் எட்டிப் பார்க்கிறார். ஜிம்மி ராஜர்ஸின் ‘வாக்கிங் பை மைசெல்ஃப்’ 1956இல் சிகாகோவில் ஒரு தளர்ந்த நடையில் பதிவானது. மூரின் கையில் அது ஓட்டமாகிவிட்டது. மவுத் ஆர்கன் மட்டும் பழைய வாசனையைக் காப்பாற்றுகிறது.

ஆயினும், ப்ளூஸில் பொய்தான் குற்றம், சத்தம் குற்றமில்லை. மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் பிறந்தவரைப் போல மூர் எங்கும் நடிக்கவில்லை. பெல்ஃபாஸ்டில் இசைத்தட்டு வழியாக இந்த இசையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், தன் ஊரின் உரத்த குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்கிறார். மூலத்தை எழுதியவர்களின் பெயர்களை மறைக்காமல், உயிரோடு இருந்தவர்களைப் பதிவு அறைக்கே அழைத்து வந்து, அவர்களுக்குச் சோலோவும் கொடுத்தார். ப்ளூஸைக் கேட்டு வளர்ந்து அதனால் பெயரும் பணமும் பெற்ற எத்தனையோ ராக் கலைஞர்கள் இதைச் செய்யவில்லை.

இதற்குப் பிறகு எவற்றைக் கேட்கலாம்?

1992இல் வந்த ‘ஆஃப்டர் அவர்ஸ்’ ஆல்பத்தில் பி. பி. கிங் வாசித்திருக்கிறார், ஆல்பர்ட் காலின்ஸ் அதிலும் உண்டு. பிரிட்டனில் அது 4ஆம் இடத்தைப் பிடித்தது. மேடைப் பதிவு வேண்டுமென்றால் 1993இன் ‘ப்ளூஸ் அலைவ்’. மூர் 2011 பிப்ரவரி 6 அன்று ஸ்பெயினில் மாரடைப்பால் 58 வயதில் காலமாகும்வரை பெரும்பாலும் ப்ளூஸே வாசித்தார்.

இசைத்தட்டு வாங்கலாமா, குறுந்தகடு வாங்கலாமா?

இசைத்தட்டில் ஒன்பது பாட்டுகள். அது ‘மிட்நைட் ப்ளூஸ்’ பாட்டோடு முடிகிறது. குறுந்தகட்டில் பன்னிரண்டு. ஒலியின் வெதுவெதுப்புக்காக இசைத்தட்டைத் தேடுவோரிடம் நான் வாதிடுவதில்லை. ஆனால் முதன்முறை கேட்பவருக்குக் குறுந்தகட்டையே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் கடைசி இரண்டு பாட்டுகள். ‘ஆல் யுவர் லவ்’ பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் ரஷ். கிளாப்டன் வாசித்த 1966ஆம் ஆண்டு ப்ளூஸ்பிரேக்கர்ஸ் இசைத்தட்டின் முதல் பாட்டும் அதுதான். ‘ஸ்டாப் மெஸ்ஸின் அரவுண்ட்’ பீட்டர் கிரீனின் பாட்டு. ஃப்ளீட்வுட் மேக் 1968இல் வெளியிட்ட ‘மிஸ்டர் வொண்டர்ஃபுல்’ இசைத்தட்டு அதில்தான் தொடங்குகிறது. பெல்ஃபாஸ்டுச் சிறுவன் ஊசியை இறக்கியதும் முதலில் கேட்ட இரண்டு பாட்டுகளையும் 37 வயதில் தன் ஆல்பத்தின் கடைசியில் வைத்திருக்கிறார் மூர்.